மூடிய கண்ணில் நீலம்

வேலையில் இருந்த காலம் முழுவதும் எக்ஸ்பிரஸ் அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்து போனார். முன்வாசல் நோயாளிகளுக்கு. அன்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசலில் ஏறியபோது வாட்ச்மேன், "அட, எக்ஸ்பிரஸ் அண்ணனா? என்ன இந்தப் பக்கம்?" என்று சிரித்தான். மனைவியின் கக்கத்தில் இருந்த ஃபைலைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு வேறு யாரையோ விரட்டப் போய்விட்டான்.

எக்ஸ்பிரஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. கதிர்வீச்சுப் பிரிவில் அவர் தலைமை டெக்னீஷியன். மற்றவர்கள் ஒரு நோயாளியைப் படுக்கவைத்து, சரிபார்த்து, சிகிச்சை கொடுத்து எழுப்புவதற்குள் இவர் இரண்டு பேரை அனுப்பிவிட்டு மூன்றாமவரைக் கூப்பிட்டிருப்பார். வராண்டாவில் காத்துக் கிடக்கும் கூட்டம் இவரைக் கண்டால் கும்பிடும். மேலதிகாரிகள் இவரைக் காட்டித்தான் மற்றவர்களைத் திட்டுவார்கள். அந்த வேகத்தில் காலடியில் என்னென்ன மிதிபட்டது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவரும்தான்.

ஓய்வு பெற்று நிம்மதியாக இருந்த மனிதருக்குத் தொண்டையில் கட்டி. முதலில் குரல் கம்மியது, பிறகு தண்ணீர் விழுங்கினாலே வலித்தது. "நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சாச்சு. கதிர்வீச்சு ஒழுங்கா எடுத்துக்கிட்டா போயிடும். நடுவுல மட்டும் நிறுத்தக்கூடாது" என்றார் டாக்டர். நடுவில் நிறுத்தினால் கட்டி முன்னைவிட மூர்க்கமாகத் தலையெடுக்கும் என்பது எக்ஸ்பிரசுக்குத் தெரியாததா என்ன. எத்தனையோ பேருக்கு அவரே அதைச் சொல்லி மிரட்டியிருக்கிறார்.

சிகிச்சை அறை தரைக்குக் கீழே இருந்தது. கதிர் வெளியே கசியக்கூடாது என்பதற்காகக் கோட்டைச் சுவர் மாதிரி கட்டிய அறை. ஜன்னல் கிடையாது. பகலும் இருட்டும் அங்கே ஒன்றுதான். அந்தக் கனத்த கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால்தான் உள்ளே ஒரு கேமராவும் ஒரு மைக்கும் வைத்திருப்பார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் திரையைப் பார்த்துக்கொண்டும் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும்.

படியிறங்கும்போதே பழைய வாடை மூக்கில் ஏறியது. ஏசியின் குளிர், ஸ்பிரிட், ஈரச் சுவர். மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்ச இடம்தானே, ஏன் கை இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு?"

"ஏசி" என்றார்.

இப்போது அங்கே இருந்த டெக்னீஷியன் ஒரு சின்னப் பெண். முகத்தில் சிரிப்பு, வேலையில் ஒரே கண்டிப்பு. "சார், பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"என்னைத் தெரியாதாம்மா உனக்கு?"

"நல்லாத் தெரியும் சார். இருந்தாலும் சொல்லுங்க."

சொன்னார். அவள் திரையில் பார்த்துத் தலையாட்டிவிட்டு, சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த மாஸ்க்குகளில் ஒன்றை எடுத்தாள். அந்தச் சுவரைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். வரிசையாக முகங்கள். மூக்கு, நெற்றி, தாடை எல்லாம் அச்சாக இருக்கும், கண் மட்டும் இருக்காது. சல்லடை போன்ற பிளாஸ்டிக்கை வெந்நீரில் இளக்கி நோயாளியின் முகத்தில் போர்த்தினால் அது முகத்தின் வடிவத்திலேயே இறுகிவிடும். அதைப் போட்டுப் படுக்கையோடு பூட்டிவிட்டால் தலை இம்மியும் அசையாது. கதிர் பாய வேண்டிய இடம் தவறக்கூடாதே.

"இங்க பாருங்க சார்" என்று அவருடைய மாஸ்க்கைக் காட்டினாள் அந்தப் பெண். "மாஸ்க் செஞ்ச அன்னிக்குக் கன்னத்துப் பக்கம் ஒட்டின அடையாளம் இது. வெறும் தொடக்கத்துக்குத்தான். பிசிக்ஸ் சார் கணக்குப் போட்டு முடிச்சுக் கொடுத்த அடையாளம் கீழே, கழுத்துல இருக்கு. பழசை உங்க கண்ணு முன்னாடியே எடுத்துடறேன்."

சர்ரென்று டேப்பை உரித்தாள். பிறகு இன்னொரு பையனைக் கூப்பிட்டாள். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையாட்டவில்லை. எழுந்து உள்ளே வந்து, குனிந்து, தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சரி என்றான்.

உரித்த டேப் குப்பைக்கூடையில் விழும்வரை எக்ஸ்பிரஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படுத்தார். மாஸ்க் முகத்தில் இறங்கியது. பூட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தாடை இறுகிக்கொண்டதால் வாயைத் திறக்க முடியவில்லை.

"ஏதாவதுன்னா கையைத் தூக்குங்க சார். நான் பார்த்துக்கிட்டே இருப்பேன். உடனே நிறுத்திடுவேன்."

காலடிச் சத்தம் தேய்ந்தது. கதவு மெல்ல நகர்ந்து சாத்திக்கொண்டது. முதலில் படம் எடுத்தாள். எலும்புகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் படம். அப்புறம் மெஷினின் பெரிய தலை அவர் மேல் சுற்றி வந்து நின்றது. உறுமல் ஆரம்பித்தது.

கண்ணை மூடிக்கொண்டார்.

மூடிய கண்ணுக்குள் நீல வெளிச்சம்.

முதலில் மங்கலாக, யாரோ திரைக்குப் பின்னால் விளக்கேற்றியதுபோல. பிறகு பளிச்சென்று. கூடவே பிளீச்சிங் பவுடர் நாற்றம், மூக்குக்கு உள்ளேயிருந்தே கிளம்பியதுபோல.

கழுத்துக்குப் பாயும் கதிருக்குக் கண்ணில் என்ன வேலை? கதிர் கண்ணை ஊடுருவிப் போனால்தான் அந்த நீலம் தெரியும். அவருக்கு அது தெரியும். ஒரு காலத்தில் தெரியாது. தெரிந்துகொண்டபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

டக். டக் டக். டக்.

படுக்கையின் இரும்பு விளிம்பில், அவர் தலைமாட்டில், யாரோ விரலால் தட்டினார்கள்.

*

அவளை எல்லோரும் டைப்பிங் டீச்சர் என்பார்கள். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் மடியில் தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் அவள் கணவர், தண்ணீர் பாட்டிலும் ஃபைலுமாக. அவளுக்கும் தொண்டையில்தான் கட்டி. பிழைத்துவிடுவாள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

அவளுடைய மாஸ்க்கில் கன்னத்துப் பழைய அடையாளத்தை எக்ஸ்பிரஸ் உரிக்க மறந்துவிட்டார். வெளியே கூட்டம், உள்ளே அவசரம். கீழே இருந்த சரியான அடையாளத்தை விட்டுவிட்டு மேலே இருந்த தப்பான அடையாளத்தில் கதிர் விழும் இடத்தைக் காட்டும் சிவப்பு ஒளிக்கோட்டைப் பொருத்தினார். கூட இருந்தவனிடம், "சரிதானேடா?" என்று கேட்டார். அவன் நாற்காலியை விட்டு எழாமலே, "நீங்க வச்சா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றான். படம் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். படத்தைத் தாண்டிப் போக மெஷினில் ஒரு பாஸ்வேர்டு உண்டு, அவசரத்துக்கென்று வைத்தது. எக்ஸ்பிரசின் விரல்கள் அதைத் தூக்கத்தில்கூட அடிக்கும்.

முதல் நாளே எழுந்து உட்கார்ந்து அவள் சொன்னாள். "தம்பி, கண்ணை மூடினா நீலமா ஒரு வெளிச்சம் தெரியுதுப்பா. ஏதோ பிளீச்சிங் பவுடர் வாடையும் வருது."

"மனப்பிரமைம்மா. கதிர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அஞ்சே நிமிஷம், ஆடாம படுங்க, போதும்."

மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாள் சொல்லவில்லை, தட்டினாள். வாய் பூட்டியிருந்ததால் படுக்கை விளிம்பில் விரலால் தட்டினாள். ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் நச்சுநச்சென்று வந்துகொண்டே இருந்தது. எக்ஸ்பிரஸ் எரிச்சலோடு கையை நீட்டி ஸ்பீக்கரின் சத்தத்தை ஒரேயடியாகக் குறைத்துவிட்டார்.

வாரங்கள் ஓடின. அவளுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. கணவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பணிவாகக் கேட்டார். "தம்பி, இவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்கிறா. டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். எல்லாருக்கும் அப்படித்தான். டாக்டரைப் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க."

ஒருநாள் மெஷின் முரண்டு பிடித்தது. படம் எடுக்காமல் மேலே போகமாட்டேன் என்று நின்றது. சலித்துக்கொண்டே எடுத்தார். திரையில் கழுத்தெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்குழிகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூட இருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். எக்ஸ்பிரஸ் உள்ளே போய் அந்தப் பழைய டேப்பை உரித்து, உருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். மாஸ்க்குக்குள்ளிருந்து அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை தெரிந்ததோ இல்லையோ, பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சரியான இடத்தில் சிகிச்சை நடந்தது. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை.

கொஞ்ச நாளில் இரண்டு கண்ணும் போய், நடை போய், பேச்சும் போய் அவள் செத்துப்போனாள். நோய் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அவள் கணவர் வந்து எக்ஸ்பிரசின் கையைப் பிடித்து, "நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க தம்பி" என்று அழுதார். எக்ஸ்பிரஸ் அதற்கும் தலையாட்டினார்.

*

மெஷின் நின்றது. கதவு திறந்தது. டெக்னீஷியன் பெண் மாஸ்க்கைக் கழற்றியதும் எக்ஸ்பிரஸ் மூச்சு வாங்க எழுந்தார். "நான் கையைத் தூக்கினேனே, ஏன் நிறுத்தலை?"

அவள் குழம்பிப்போனாள். "நீங்க தூக்கவே இல்லையே சார். கண் எடுக்காம பார்த்துக்கிட்டு இருந்தேன். விரலால தட்டிக்கிட்டே இருந்தீங்க. டைப் அடிக்கிற மாதிரி."

எக்ஸ்பிரஸ் தன் விரல்களைப் பார்த்தார். நீல வெளிச்சத்தைப் பற்றி மட்டும் மென்று விழுங்கிச் சொன்னார்.

அந்தப் பெண் மனப்பிரமை என்று சொல்லவில்லை. அடுத்த நோயாளியை உள்ளே விடாமல் பிசிக்ஸ் சாரைக் கூப்பிட்டாள். கதிரை அளப்பதும் கணக்குப் போடுவதும் அவர் வேலை. அவர் வந்து மெஷினை அளந்தார், மாஸ்க்கை அளந்தார், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எக்ஸ்பிரசின் இமை ஓரத்தில் கதிரை அளக்கும் சின்ன வில்லை ஒன்றை ஒட்டி மறுநாள் சிகிச்சை கொடுத்தார்கள். நீலம் வந்தது, நாற்றம் வந்தது. வில்லையில் ஒன்றுமே இல்லை.

"கண்ணுக்குப் போகவேயில்லைண்ணே. சொட்டுக்கூட" என்றார் பிசிக்ஸ் சார். பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா நீங்க சொல்றதை நான் தள்ளிவிட மாட்டேன். கண்ணுல நீலம் தெரியுதுன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு. நீங்க இங்கயே பழம் தின்னு கொட்டை போட்டவர். இந்த மாதிரி யாராவது இதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லியிருக்காங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. பழைய கேஸ் எதையாவது திருப்பிப் பார்க்கணும்னாலும் பார்க்கலாம்."

அதுதான் சமயம். ஒரு வார்த்தை போதும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர் போய்விடும், போலீஸ், கேஸ், ஊர் சிரிக்கும் என்று எல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் ஓடின.

"இல்ல சார்" என்றார் எக்ஸ்பிரஸ். "யாரும் சொன்னதில்ல."

அடுத்த நாள் மாஸ்க் இறங்கி, பூட்டுகள் விழுந்து, கதவு சாத்திக்கொண்டது. உறுமல் தொடங்கும் முன்னே நாற்றம் வந்துவிட்டது.

கையைத் தூக்கப் பார்த்தார்.

மணிக்கட்டின் மேல் ஒரு கை இருந்தது.

ஜில்லென்ற, மெலிந்த கை. அது அவர் கையைப் படுக்கையோடு சேர்த்து அழுத்தியது. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, பழக்கிவிடுவதைப்போல, இரும்பு விளிம்பில் வைத்துத் தட்டவைத்தது.

காதோரம் ஒரு பெண் குரல், கோபமே இல்லாமல்.

"யாரும் சொன்னதில்லையா, தம்பி?"

அவர் மாஸ்க்குக்குள் முனகினார்.

"அஞ்சே நிமிஷம். ஆடாம படுங்க."

சல்லடைத் துளைகளுக்கு நடுவே, வலது கண்ணுக்கு நேர் மேலே, உள்பக்கமாக ஒரு டேப் ஒட்டியிருந்தது. பழுப்பேறி ஓரம் சுருண்ட பழைய டேப். அதன் மேல் பேனாவால் போட்ட அடையாளம் அவருடைய கையால் போட்டதேதான். நீலம் அந்த இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் மாஸ்க்கைப் பிடுங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். டேப் இல்லை. அந்தப் பெண்ணும் பார்த்தாள். "சுத்தமா இருக்கு சார்" என்றாள் பயந்த குரலில்.

அன்று சாயங்காலமே வலது கண் மங்கியது.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். பிசிக்ஸ் சார் வேறு மெஷினுக்கு மாற்றினார். நீலம் அங்கேயும் வந்தது. நிறுத்திவிடலாமா என்று எக்ஸ்பிரஸ் கேட்டபோது தொண்டை டாக்டர் கையை விரித்தார். "நிறுத்தினா கட்டி உங்களைக் கொண்டுபோயிடும். அப்புறம் நான் பொறுப்பில்லை." படுத்தால் கண், படுக்காவிட்டால் உயிர். எக்ஸ்பிரஸ் தினமும் போய்ப் படுத்தார். தினமும் அந்தக் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி தண்ணீர் பாட்டிலோடு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துப் படியேற்றினாள். அப்படி ஒரு கணவர் ஒரு மனைவியைப் படியேற்றிக் கூட்டிப்போனதை அவர் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார்.

ராத்திரிகளில் அவர் உளறினார். "யாருங்க அந்த டீச்சர்?" என்று மனைவி கேட்டாள். "தூக்கத்துல அவங்களையே கூப்பிடறீங்க. ஏதாவது மனசுல இருந்தா என்கிட்டயாவது சொல்லிடுங்களேன். நான் என்ன வெளியாளா?"

"யாருமில்ல. நீ தூங்கு."

சிகிச்சை முடிந்த அன்று இரண்டு கண்ணும் போயிருந்தது.

தொண்டை மட்டும் சுத்தமாகக் குணமாகிவிட்டது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். "கட்டி இருந்த இடமே தெரியலை. உங்களுக்கு ஆயுசு கெட்டி" என்று முதுகில் தட்டினார். அதைக் கேட்டு மனைவி கண்ணீரோடு கும்பிட்டாள். எக்ஸ்பிரஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். இனி எத்தனை வருஷமோ. அவருடைய இருட்டு மற்றவர்களின் இருட்டு மாதிரி கறுப்பாக இல்லை. அது நீலமாக இருந்தது.

*

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். மத்தியான நேரம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் நாற்காலியில், மரக் கைப்பிடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி பாயில் படுத்தாள். தலையணையைத் தட்டும் சத்தம், நீண்ட பெருமூச்சு. அவள் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்று நினைத்துக்கொண்டார். சாப்பாட்டை வாயருகே கொண்டுவருவது அவள், குளியலறைக்குக் கூட்டிப்போவது அவள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

"என்னங்க" என்றாள் அவள்.

"ம்?"

"எங்கயோ பிளீச்சிங் பவுடர் வாடை வருதே, உங்களுக்கு வருதா?"

அவர் கைப்பிடியை இறுகப் பற்றினார்.

"நாம வாங்கறதே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பேசினாள். தூக்கக் கலக்கத்தில், சாதாரணமாக.

"இன்னொண்ணு கவனிச்சீங்களா? ரெண்டு நாளா கண்ணை மூடினா ஏதோ நீலமா ஒரு வெளிச்சம் தெரியுதுங்க."

எக்ஸ்பிரஸ் நாற்காலியில் நிமிர்ந்தார்.

சொல்லிவிடலாம். இப்போதே, எல்லாவற்றையும். டீச்சரை, டேப்பை, பையில் போட்டுக்கொண்டதை. பிசிக்ஸ் சாருக்கு ஃபோன் போடச் சொல்லலாம். டீச்சரின் கணவர் இருக்கும் இடத்தைத் தேடிப்போய்க் காலில் விழலாம். இவளை விட்டுவிடுங்கள் டீச்சர், இவள் ஒரு பாவமும் அறியாதவள். மானம் போகட்டும், ஜெயிலுக்குப் போகட்டும், இவள் கண் போகக்கூடாது.

வாயைத் திறந்தார்.

தாடை அசையவில்லை.

நெற்றியில், மூக்கில், கன்னத்தில் ஏதோ இதமான சூட்டோடு வந்து படிந்தது. படிந்து இறுகியது. காதுக்குப் பக்கத்தில் பூட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

மணிக்கட்டின் மேல் அந்த ஜில்லென்ற கை வந்து உட்கார்ந்தது. விரல்களை மட்டும் விட்டுவைத்தது.

தட்டினார். இருந்த பலத்தையெல்லாம் விரல் நுனிக்குக் கொண்டுவந்து நாற்காலிக் கைப்பிடியில் தட்டினார். டக். டக் டக். டக். அவள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. இன்னும் வேகமாகத் தட்டினார். கேளடி, தயவுசெய்து கேள்.

"ஐயோ, என்னங்க இது, ஓயாம தட்டிக்கிட்டு" என்றாள் அவள் அன்பாக. "கண்ணு வேற ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் தூங்க விடுங்களேன்."

எழுந்து வந்து, ஒரு துண்டை நாலாக மடித்து, அவர் விரல்களுக்கு அடியில் மெத்தென்று வைத்தாள்.

அப்புறம் சத்தம் கேட்கவில்லை.